ஸ்டமேனா கழற்றிய சக்கரம்

ஊஷிட்சே என்ற மலையூரில் ஸ்டமேனா என்று ஒருத்தி இருந்தாள். கார் சீட்டுக்கு உறை தைத்துத் தைத்தே ஒரு பிள்ளையை ஆளாக்கியவள். ஆனால் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொடுக்கிறேன் என்று வந்தவர்களையும் விரட்டிவிட்டாள்.

அதற்குக் காரணம் உண்டு. அவள் புருஷன் மிலிசாவ் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். தன் பழைய காரில் இருந்த எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதைவிட ஒன்றரை மடங்கு பெரிய இத்தாலி எஞ்சினைக் கொண்டுவந்து உள்ளே உட்கார வைத்தான். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அந்த அடுத்த மாதம் அவனுக்கு வரவில்லை. மலையிறக்கத்தில், மரம் அறுக்கும் மில்லுக்கு மேலே இருக்கிற வளைவில், காருக்கு ஓடத் தெரிந்ததே தவிர நிற்கத் தெரியவில்லை. மகன் போயானுக்கு அப்போது ஒன்பது வயது.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு ஆண்துணை என்றால் ஒப்ராட்தான். அவர்தான் அவர்களுடைய கூம். கூம் என்றால் கல்யாணத்தில் சாட்சி நின்றவர், பிறக்கிற பிள்ளையைத் தேவாலயத்தில் கையில் ஏந்திப் பேர் சொல்கிறவர். ரத்தம் கலக்காமலே ரத்த உறவானவர். கூம் சொன்னதை மறுத்துப் பேசுவதோ, செய்ததைச் சரிபார்ப்பதோ அங்கே வழக்கமில்லை. ஒப்ராட் மெக்கானிக் வேறு. பனிக்காலத்துக்கு விறகு பிளந்து அடுக்கினார், போயானுக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார், அவன் கல்யாணத்துக்கும் கூமாக நின்றார். அவர் இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. அதை ஸ்டமேனா ஒருநாளும் மறந்ததில்லை.

போயான் என்ன செய்தான் தெரியுமா? அப்பன் வைத்திருந்த அதே ஜாதிக் காரை, அதே சிவப்பில், எங்கிருந்தோ தேடிப் பிடித்தான். அதே மாதிரி பெரிய எஞ்சினையும் வைத்தான். ஸ்டமேனா கத்தவில்லை. தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டுக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

"பிரேக்கும் ஸ்டியரிங்கும் மாத்துற வரைக்கும் இந்தக் கார் என்னைத் தாண்டித்தான் போகணும்."

"அம்மா, மழை வருது."

"வரட்டும். மிஷினுக்குக் குடை பிடி."

மருமகள் தூனியா மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். பஸ் நின்றுபோய்விட்டதால், அந்தக் காரை ஓட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கப் போவதே அவள்தான். அதனால் ஸ்டமேனா அசையவில்லை. பதினோரு நாள் கேட்டுக்கு நடுவில்தான் தையல்.

கடைசியில் ஒப்ராட் வந்தார். உடைத்துப் போட்ட கார்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் தேடி, பிரேக்குக்குப் பெரிய டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடித்து நிறுத்தும் காலிப்பரும் கொண்டுவந்தார். டிஸ்க் பெரிதானதால் பழைய சக்கரத்துக்குள் அடங்கவில்லை; சக்கரத்தையும் ஒரு சுற்றுப் பெரிதாக மாற்றினார். ஸ்டியரிங் அதற்கு முன்னால் நாலு விரல் அளவு சும்மா ஆடும், அதற்கப்புறம்தான் சக்கரம் திரும்பும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற ராக்கைப் புதிதாக மாட்டிய பிறகு விரலை அசைத்தால் சக்கரம் அசைந்தது. அப்படி ஒரு வேலை.

சனிக்கிழமை மதியம் வேலை முடிந்தது. ஒப்ராட் ஓட்டிப் பார்த்தார், போயான் ஓட்டிப் பார்த்தான், பக்கத்து வீட்டுக்காரன்கூட ஒரு சுற்று போய்வந்தான். மூன்று பேரும் மெச்சிக்கொண்டார்கள். மேஜையில் ஆட்டுக்கறியும் ரொட்டியும் ஆறிக்கொண்டிருந்தன.

"கூமா," என்று ஒப்ராட் ஸ்டமேனாவைக் கூப்பிட்டார்; கூம் உறவில் பெண்ணை அப்படித்தான் அழைப்பார்கள். "ஏறி உக்காந்து பிரேக்கை அமுக்குங்க. பின்னாடி சிவப்பு விளக்கு எரியுதான்னு பாத்துட்டு சாப்பிடப் போயிடலாம்."

அவள் ஏறினாள். அமுக்கினாள். கால் கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. தரைக்கு இரண்டு விரல் மேலேதான் நின்றது.

"விளக்கு எரியுது, இறங்குங்க!"

"கூமே, இது கீழ போகுது."

"இன்னொரு தடவை அமுக்குங்க."

அமுக்கினாள். இந்தத் தடவை கல் மாதிரி நின்றது.

"பாத்தீங்களா? கல்லு!"

"ரெண்டாவது தடவை கல்லு. முதல் தடவை களி."

போயான் சிரித்துவிட்டான். "அம்மா, பிரேக்குன்னா ரெண்டு தடவை மிதிக்கணும். இங்க எல்லாரும் அப்படித்தான் மிதிக்கிறோம்."

உண்மைதான். அந்த மலையில் ஓடுகிற கார் எல்லாம் கிழடு தட்டியவை. ஓட்டிப் பழகியவன் கால் தன்னால் சட்சட்டென்று இரண்டு தரம் மிதிக்கும். மிதிப்பது அவனுக்கே தெரியாது. ஓட்டிப் பார்த்த மூன்று பேர் காலும் அப்படிப்பட்ட கால்தான். ஸ்டமேனாவின் கால் எதுவும் பழகாத கால். அமுக்கு என்றதும் ஒரு தடவை அமுக்கியது.

அவள் சமையலறைப் பக்கம் திரும்பி, "தூனியா, வாம்மா. வந்து மிதி," என்றாள்.

தூனியா நோவி சாத் நகரத்தில் வளர்ந்தவள், புதுக் காரில் ஓட்டப் பழகியவள். ஏறி ஒரு தடவை மிதித்தாள். முகம் மாறியது. "அத்தை, எங்கப்பா கார்ல இப்படிப் போகாது."

"ஒரு வளைவுல திடீர்னு ஏதாவது வந்தா எத்தனை தடவை மிதிப்ப?"

"ஒரு தடவைதான்."

ஸ்டமேனா சாவியை உருவி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "சக்கரத்தைக் கழட்டுங்க. உள்ள பாக்கணும்."

ஒப்ராட் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முப்பது வருஷம் பிரேக் வேலை பாக்குறேன்," என்றார். "லைசென்ஸ் இல்லாத கால் எனக்குத் தீர்ப்பு சொல்லுதா?"

"உங்களுக்கு இல்ல கூமே. பிரேக்குக்கு."

"என் வேலையைக் கழட்டிப் பாத்தா என்னைக் கழட்டின மாதிரி. அப்புறம் இந்த வாசல்ல எனக்கு வேலை இல்ல."

"அம்மா, போதும்," என்றான் போயான் தாழ்ந்த குரலில். "கூமை வச்சுக்கிட்டு என்ன பேச்சு இது? சாப்பிட உக்காருவோம்."

"நீ கழட்டு."

"மாட்டேன்."

"சரி."

அவளே ஸ்பானரை எடுத்தாள். நட்டு அசையவில்லை. ஸ்பானர் பிடிமேல் ஏறி நின்றாள். அப்போதும் அசையவில்லை. தூனியா வந்து மாமியார் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் ஏறி நின்றாள். இரண்டு பேர் கனத்துக்கு நட்டு முனகியது. ஒப்ராட் பார்த்துக்கொண்டு நின்றார். தன் கண்ணெதிரே யாரோ தன் சட்டையை அவிழ்ப்பது போலத்தான் அவருக்கு இருந்திருக்கும்.

சக்கரம் கழன்றது. ஸ்டமேனாவுக்கு உள்ளே ஒன்றும் விளங்கவில்லை. போயானுக்கு விளங்கியது. அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான். பிறகு மற்றப் பக்கம் ஓடி, காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தான்.

"இடது காலிப்பர் வலது பக்கம் இருக்கும்மா. வலது இடது பக்கம்."

"அதனால?"

"காத்து வெளிய விடுற நிப்பிள் மேல இருக்கணும். இது கீழ இருக்கு. காத்து மேல போய் உக்காந்துக்கும். எத்தனை தடவை ஆயிலை விட்டாலும் வெளிய வராது. அதான் முதல் மிதி களியாப் போகுது." அவன் எழுந்து ஒப்ராட் பக்கம் திரும்பினான். "கூமே, ரெண்டையும் மாத்தி மாட்டிட்டீங்க."

ஒப்ராட் குனிந்து பார்த்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். அவருடைய ஸ்பானர் பெட்டி முற்றத்திலேயே கிடந்தது. மறுநாள் போயான் காலிப்பர் இரண்டையும் இடம் மாற்றிக் காற்றை எடுத்தான். பெட்டியைத் துடைத்து அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தான்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் தூனியா சூப் குடித்துக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு மில்லுக்கு மேல வளைவுல மர லாரி ஒண்ணு குறுக்க நின்னுச்சு. நான் நின்னுட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள். ஸ்டமேனா எழுந்து போய் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

ஆனால் கூம் வரவில்லை. குடும்பத்துப் புனிதர் திருநாளுக்கு அவருக்கென்று வைத்த தட்டு வைத்தபடியே இருந்தது. அடுத்த வருஷமும் அப்படியே. பனிக்காலத்து விறகை ஸ்டமேனாவே பிளந்தாள்.

தூனியாவுக்குப் பெண் பிறந்தது. வேறு கூம் தேடலாம் என்று போயான் மெல்லச் சொல்லிப் பார்த்தான். ஸ்டமேனா அவனைப் பார்த்த பார்வையில் அவன் அதற்குமேல் பேசவில்லை. ரொட்டியும் ஒரு புட்டி பிளம் சாராயமும் எடுத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பேர் சொல்ல ஒப்ராடை முறைப்படி அழைக்க அவளே போனாள்.

ஒப்ராட் உட்காரச் சொல்லவில்லை. "என் கையை நம்பாத வீட்டுக்கு எதுக்குக் கூம்?"

"நம்பாமலா பிள்ளையை உங்க கையில குடுக்க வந்திருக்கேன்?"

"அன்னிக்குச் செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"உங்களை நோக வச்சதுக்கு நான் அழாத நாள் இல்ல. ஆனா தப்புன்னு சொல்ல மாட்டேன். இன்னிக்கும் கழட்டுவேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியார் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். போயான் தலையைக் குனிந்து நின்றான். மூன்றாவது தடவை பார்க்கும்போது ஒப்ராட் கறுப்புக் கோட்டில் உள்ளே வந்தார். பிள்ளையை வாங்கினார். "ரூஷா" என்று பேரை உரக்கச் சொன்னார். பிள்ளையை ஸ்டமேனா கையில் கொடுத்துவிட்டு, விருந்துக்கு நிற்காமல் போய்விட்டார்.

கூமுக்கு உரிய சட்டையையும் ஆட்டுத்தொடையையும் ஸ்டமேனா போயானிடம் கொடுத்தனுப்பினாள். அவன் வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. வாங்கிக்கிட்டாரு."

"வாங்கிக்கிட்டாருல்ல," என்று சொல்லிவிட்டு, அவள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.