கோஸ்தானில் ஏறிய கார்

மழைக்காலத்தில் எங்கள் காரின் இருக்கைகளிலிருந்து புகை நாற்றம் கிளம்பும். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு உலர்த்துகிற கொட்டகையின் புகை அது. புளிப்பும் கருகலும் கலந்தது, ஒரு முறை சேலையில் ஏறிவிட்டால் எந்தச் சவுக்காரத்துக்கும் அடங்காதது. ஜப்பான்காரன் காலத்தில் யாரும் ஓட்டிக்கொண்டு போய்விடாமலிருக்க அந்தக் காரைப் புகைக்கொட்டகையில், ஷீட்டுகளுக்குப் பின்னால் தள்ளி மறைத்து வைத்தார்களாம். யுத்தம் முடிந்து திரும்பி வந்த வெள்ளைக்காரத் துரை புதுக்கார் வாங்கிக்கொண்டு பழையதை மறந்தே போனார். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, அங்கே கிராணியாக இருந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் அப்பா, பழைய இரும்போடு இரும்பாகப் போகவிருந்த அதைக் கேட்டு வாங்கி, லோரியில் ஏற்றி, எங்களோடும் சட்டி பானைகளோடும் ஈப்போவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

எந்தக் கம்பெனி கார் என்பதைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பழங்கார்ப் பிரியர்கள் அந்த மாடலுக்கு அந்த வருஷம் அந்த விளக்கு கிடையாது என்று சண்டைக்கு வருவார்கள். நான் வேலைக்காலம் முழுவதையும் வாகனப் பதிவு அலுவலகத்தின் முகப்புச் சன்னலில் கழித்தவள். எஞ்சின் எண் தேய்ந்துபோன காருக்கு என்ன செய்வது, செத்துப்போனவர் பெயரிலுள்ள காரை உயிரோடிருப்பவர் பெயருக்கு மாற்ற எந்தச் சன்னலில் முதலில் நிற்பது என்பதெல்லாம் எனக்கு ஜெபமாலை மாதிரி மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகும், கல்யாண வீட்டில் கையில் பாயசக் கோப்பையோடு என்னைத் தேடி வந்து ரோடு டாக்ஸ் சந்தேகம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பாயசம் ஆறும்வரை பதில் சொல்லுவேன்.

ஈப்போவின் ஜெலாப்பாங்கில் எங்கள் வாடகை வீட்டின் முன்னால், மற்றவர்கள் பூந்தொட்டி வைக்கிற இடத்தில் அந்தக் கார் நின்றது. திறந்த கார். கூரை என்று சொல்லிக்கொள்ள ஒரு கித்தான் துணி இருந்து, அதுவும் எலிக்கு இரையாகியிருந்தது. சனிக்கிழமையானால் அப்பாவும், அம்மாவின் தம்பி அந்தோணி மாமாவும் அதன் கீழே படுத்துக்கொள்வார்கள். வெளியே நான்கு கால்கள் மட்டும் நீண்டிருக்கும். அம்மா அந்தக் கால்களோடுதான் குடும்ப விஷயம் பேச வேண்டும். கால் அசைந்தால் சரி என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை அதே காரில் மாதா கோயிலுக்குப் போவோம். ஈப்போ மழை யாருக்கும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. குடையைப் பிடிப்பது என் வேலை. காற்றில் குடை மேல்நோக்கி விரிந்து பூவாகிவிடுவது அதன் வேலை. "மத்தவங்க கோயில் வாசல்ல தீர்த்தம் தொட்டுச் சிலுவை போடுவாங்க. நாம தீர்த்தத்துலேயே குளிச்சுட்டு வர்ற குடும்பம்" என்பார் அம்மா. அவர் ஆங்கிலப் பள்ளி ஆசிரியை. விறைப்பாகக் கஞ்சி போட்ட சேலையில் கிளம்பி, துவைத்துப் பிழிந்த சேலையில் போய் இறங்குவது அவருக்கு எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும் என்பது, நானே வேலைக்குச் சேலை கட்டிப் போன நாட்களில்தான் புரிந்தது.

இந்த நிலைமையில்தான் ஈயச் சுரங்கத் தவுக்கே ஒருவர், சீன முதலாளி, வந்தார். பழைய கார் சேர்க்கிற பைத்தியம் அவருக்கு. எங்கள் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, "இதைக் கொடுங்கள், என்னுடைய மூடின காரை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மலாய் மொழியில் கேட்டார். மூடின கார்! கண்ணாடிச் சன்னல்கள், மழைத்தண்ணீரைத் துடைக்கும் கைகள், உள்ளே ஒரு சின்ன விளக்கு. அம்மா அடுத்த ஞாயிறு கோயிலிலிருந்து வந்து, ஈரச்சேலையை அப்பாவின் நாற்காலி மேலேயே காயப்போட்டார்.

அப்பா கொஞ்ச நாள் தவணை கேட்டார். பழங்கார் வைத்திருந்தவர்கள் சேர்ந்து ஒரு பந்தயம் நடத்தவிருந்தார்கள். ஈப்போவிலிருந்து கிளம்பி, அப்பா வேலை பார்த்த அதே தோட்டத்துக்குப் போய், துரை பங்களா இருக்கிற குன்றின் மேல் ஏறி முடிக்க வேண்டும். "அந்த ரோட்டுல ஒரு தடவ இதை ஏத்திப்புடுறேன். ஏறலேன்னா தவுக்கேகிட்ட நானே கொண்டுபோய் விட்டுடுறேன். ஏறிருச்சுன்னா காரு நம்மளோட இருக்கட்டும்" என்றார்.

அம்மா சம்மதித்ததற்குக் காரணம் கருணையல்ல. அந்தக் குன்று எப்படிப்பட்டதென்று அவருக்குத் தெரியும். அவர் பிறந்ததும் அதே தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீட்டில், லயத்தில்தான்.

அப்பாவுக்கு அந்த ரோட்டின் மேல் ஏன் அவ்வளவு வீம்பு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். துரை காலத்தில் அந்தப் பாதையில் சைக்கிளில் போகிற எவரும் பங்களா கண்ணில் பட்டதும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். கிராணியும் அப்படித்தான். பேசி முடித்துத் திரும்பும்போதும் துரைக்கு முதுகைக் காட்டக்கூடாது; வாசல் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்து வரவேண்டும். "உங்கப்பாவுக்குப் பின்பக்கம் கண்ணு இருந்திருக்கணும், ஒரு நாளும் தடுக்கி விழுந்ததில்ல" என்று அந்தோணி மாமா கேலி செய்வார். அப்பா சிரிக்க மாட்டார்.

பந்தயத்துக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி. குடும்பங்களை மேட்டுக்குக் கீழே இறக்கிவிட்டுப் பாரத்தைக் குறைத்து ஏமாற்றக்கூடாது என்பதற்காக, கிளம்பும்போது எல்லா இருக்கையிலும் ஆள் இருக்க வேண்டும், ஏறியவர்கள் கடைசிக்கோடு வரை இறங்கக்கூடாது. அதனால் அம்மாவும் வந்தாக வேண்டியதாயிற்று. முன்னால் அப்பாவும் மாமாவும், பின்னால் அம்மாவும் நானும். வழி நெடுக, மூடின கார் உறுதியாகிவிட்டவர்களுக்கு இருக்கும் நிம்மதி அம்மாவின் முகத்தில் இருந்தது.

தவுக்கே தன் மூடின காரில் எங்களுக்கு முன்னாலேயே பங்களாவுக்குப் போய்விட்டார்.

குன்றின் பாதியில் ஒரு வளைவு உண்டு. அங்கே காதர் பாயின் தேத்தண்ணிக் கடை. பங்களாக் காரியமாக வருகிற லோரிக்காரர்களை நம்பி நடந்த கடை. அன்றைக்கு அவர் கையில் ஒரு சிவப்புக் கொடியையும் கொடுத்து, காரோட்டிகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பையும் கொடுத்திருந்தார்கள். ஒரு கையில் கொடி, மறுகையில் தேத்தண்ணி ஆற்றும் குவளை. எதை எப்போது தூக்குவது என்பதில் அவருக்கே குழப்பம்.

வளைவு வரைக்கும் கார் ஒழுங்காக வந்தது. அதைத் தாண்டிச் செங்குத்து மேட்டில் ஏறியதும் நெஞ்சடைத்தவர் மாதிரி இருமி நின்றுவிட்டது. பிரேக்கை விட்டுவிட்டு வளைவுக்கு உருண்டு வந்தோம். சமதரையில் உடனே கிளம்பியது. மறுபடி ஏறினோம், அதே இடத்தில் அதே இருமல். பின்னால் அடுத்த கார் வந்து ஹாரன் அடித்தது. காதர் பாய் குவளையைத் தூக்கி ஆட்டி, தப்பு தெரிந்து கொடியைத் தூக்கினார்.

"கிராணி அண்ணே, போதும்லா! எஞ்சின் பாவம்லா! கோஸ்தான் பண்ணுங்க, கோஸ்தான்!"

மலேசியாவுக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக: "கோஸ்தான்" என்றால் வண்டியைப் பின்னுக்கு எடுப்பது. கப்பல்காரர்களின் ஆங்கிலம் துறைமுகத்தில் இறங்கி, மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லார் வாயிலும் உருண்டு இப்படியாகிவிட்டது என்று சொல்வார்கள். காரைப் பின்னுக்கு எடு என்பதும் கோஸ்தான்தான். தோற்றாயிற்று, திரும்பிப் போ என்பதும் கோஸ்தான்தான். காதர் பாய் சொன்னது இரண்டாவது அர்த்தத்தில்.

அப்பா உருட்டிக்கொண்டு வந்து, கடை வாசலில் காரைத் திருப்பினார். காரின் மூக்கு இப்போது கீழே ஈப்போவைப் பார்த்து நின்றது. அம்மா சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டார். அப்பா கியரை மாற்றினார். கார் பின்பக்கமாக மேட்டில் ஏற ஆரம்பித்தது.

"மச்சான், வீடு முன்னாடி இருக்கு. எங்க போற?" என்று அலறினார் மாமா.

"பாய்தான் கோஸ்தான்னாருல்ல?" என்றார் அப்பா.

காரணம் எளிது. அந்தக் காரின் பெட்ரோல் டாங்கி ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே. அங்கிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் தண்ணீர் மாதிரி தானாக இறங்கி ஓட வேண்டும், தள்ளிவிட எந்தக் கருவியும் கிடையாது. மேட்டில் மூக்கைத் தூக்கினால் எஞ்சின் டாங்கியை விட உயரமாகிவிடும், பெட்ரோல் போகாது. பின்பக்கமாக ஏறினால் டாங்கி மேலே, எஞ்சின் கீழே. காரோடு இத்தனை சனிக்கிழமைகள் படுத்துக் கிடந்தவருக்கு அது அந்த வளைவில்தான் உறைத்தது. இருமல் போன இடம் தெரியவில்லை.

ஆனால் அப்பாவால் பின்னால் பார்க்க முடியவில்லை. மடித்துக் கட்டிய கித்தானும் நாங்கள் இருவரும் மறைத்தோம். "டீச்சரம்மா, வழி சொல்லு!" என்றார். அம்மா எழுந்து, இருக்கையில் முழங்காலிட்டு, பங்களாவைப் பார்த்தபடி "ரைட்டு!" என்றார். அவருடைய வலது அப்பாவுக்கு இடது என்பது இருவருக்கும் தோன்றவில்லை. சக்கரம் பாரிட்டின் விளிம்புக்குப் போய்விட்டது. பாரிட் என்றால் மழைத்தண்ணீர் ஓடுகிற பெரிய கால்வாய், அதில் எங்கள் கார் முழுசாகப் படுத்துக்கொள்ளலாம்.

"அய்யோ, ரைட்டு இல்ல, லெப்டு! இல்ல, உங்க லெப்டு இல்ல!"

"யாரு லெப்டுடி?"

அந்த நொடியில் ஆங்கிலப் பள்ளி ஆசிரியை காணாமல் போனார். "மலப் பக்கம் ஒடிங்க! மலப் பக்கம்!" என்று லயத்துக் குரலில் கத்தினார். கார் பாரிட்டை விட்டு விலகியது. அப்புறம் இரண்டே வார்த்தைகள்தான். "மலப் பக்கம்! பாரிட் பக்கம்! இன்னுங் கொஞ்சம் பாரிட் பக்கம், போதும், போதும், மலப் பக்கம்!" கடையிலிருந்தவர்கள் எல்லாரும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். காதர் பாய் கொடியைக் கீழே போட்டுவிட்டுக் குவளையோடு வந்தார்.

கடைசி வளைவு மிகக் குறுகல். "பாரிட் பக்கம்" என்று ஒரே ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருந்தால் மூடின கார் அம்மாவுடையது. அவர் குரல் ஒரு கணம் நின்றது. நான் அண்ணாந்து பார்த்தேன். அம்மாவின் கண் பாதையில் இல்லை, பங்களாவில் இருந்தது. பிறகு மெதுவாக, "மலப் பக்கம்" என்றார்.

கோட்டைத் தாண்டி நின்றோம். கூட்டம் கைதட்டியது. "துரை பங்களாவுக்கு முதுகக் காட்டிக்கிட்டே வந்த மொத வண்டி நம்மளதுதான், மச்சான்!" என்று மாமா குதித்தார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் அப்படியே சிரித்தார்.

பந்தயம் நடத்தியவர் வந்து, பின்பக்கமாக ஏறியது செல்லாது என்றார். அம்மா இறங்கினார். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, இழந்த ஆங்கிலத்தை மீட்டுக்கொண்டு, விதியைக் காட்டச் சொன்னார். ஏறியவர் இறங்கவில்லை. முழு வண்டியும் கோட்டைத் தாண்டியிருக்கிறது. எந்தப் பக்கம் முதலில் தாண்ட வேண்டும் என்று எங்கே போட்டிருக்கிறது? அவர் காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு மனிதரை அவருடைய சொந்த விதியை வைத்தே வாயடைக்கலாம் என்பதை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். பிற்காலத்தில் அரசாங்கம் அதற்கே எனக்குச் சம்பளம் கொடுத்தது.

அதற்குப் பிறகு அம்மா தவுக்கேயின் காரிடம் போனார். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். அந்தச் சின்ன விளக்கைப் போட்டு அணைத்தார். இறங்கி, கதவைப் பக்குவமாகச் சாத்திவிட்டு வந்து எங்கள் காரில் ஏறிக்கொண்டார். திரும்பும் வழியில் கொட்டித் தீர்த்தது. யாரும் குடை விரிக்கவில்லை.

பல வருஷங்கள் கழித்து, அப்பா காலமான பிறகு, அம்மாவிடம் கேட்டேன்: அந்தக் கடைசி வளைவில் ஏன் தப்பாகச் சொல்லவில்லை? "சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றார் அம்மா. "சின்னப் புள்ளையில தினமும் அந்தப் பங்களாவுக்குப் பால் கொண்டு போயிருக்கேன். குறுக்கு வழியா ஏறி, பின்னால சமையல்கட்டு இருக்கே, அந்தக் குசினிக் கதவு வரைக்கும். முன்வாசல் எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் பார்த்தேன். பார்த்த பிறகு பாதியில திரும்ப மனசு வரல."

இப்போது அம்மாவும் இல்லை, மாமாவும் இல்லை. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, அதுவும் பாதி போய் வீடமைப்பு வந்துவிட்டது. செங்குத்து மேட்டை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். காதர் பாயின் வளைவே நேராகிவிட்டது. காரைப் பழுது பார்த்த என் மகன் அதில் ஒரு பெட்ரோல் பம்பை வைத்துவிட்டான். இப்போது அது எந்த மேட்டிலும் மூக்கைத் தூக்கிக்கொண்டே ஏறும். எல்லா வண்டிகளும் முன்பக்கமாகவே ஏற வேண்டும் என்று, இன்னமும் நடக்கிற அந்தப் பந்தயத்தில் ஒரு விதியும் இருக்கிறது. ஏனென்று கேட்கிற ஆள் இல்லை.

பங்களா இப்போது கல்யாண மண்டபம். போன முறை பந்தயத்தில் அதே காரை ஓட்டிக்கொண்டு நான் மேலே போய்ச் சேர்ந்தபோது, முன்வாசலில் பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் ஓடி வந்து, "ஆண்ட்டி, முன்னாடி வர முடியாதுலா, பின்பக்கமா குசினி வழியா போலாம், அங்க பார்க்கிங் இருக்கு" என்றாள். மரியாதையான பெண், அவளுக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவும் சரியானதுதான். என் ஆயுள் முழுக்க ஒரு விதியையும் மீறியவளல்ல நான்.

"அது மட்டும் முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு, காரை முன்வாசல் படிக்கட்டுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தி, அங்கேயே இறங்கினேன்.