அரை விநாடி அருள்பிரகாசம்

அருள்பிரகாசம் கேமராவை டிபன் கேரியர் பையில் வைத்து, மேலே ஒரு கீரைக்கட்டைப் போட்டு மூடிக்கொண்டுதான் தெருவில் இறங்குவார். கீரை கிடைக்காத நாளில் துண்டு. ஒரே ஒரு முறை மறதியாகக் கையில் பிடித்தபடி இறங்கிவிட்டார். மூன்று வீடு தாண்டுவதற்குள் நாலு பெண்கள் மாரில் கை வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தார்கள். "யாரு நைனா? யாரு வூட்ல?" யார் வீட்டிலும் இல்லை, சும்மா கடற்கரைப் பக்கம் படம் எடுக்கப் போகிறேன் என்றார். ஒருத்தியும் நம்பவில்லை. செத்தது யார் என்று தெரியாமலே அன்று சாயங்காலம் வரை டீக்கடைக்காரர் கிராமபோனை நிறுத்தி வைத்திருந்தார்.

ராயபுரத்தில் அவருக்கு அப்படி ஒரு பெயர். வேலை என்னவோ ஹார்பரில், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிற குமாஸ்தா வேலை. வயது நாற்பத்திரண்டு. கேமரா, சண்டை முடிந்து ஊர் திரும்பிய பட்டாளத்துக்காரர் ஒருவரிடம் மூர் மார்க்கெட்டில் வாங்கியது. மடித்தால் ஜெபப் புத்தகம் அளவு, விரித்தால் துருத்தி. அதன் முகத்தில் ஏழெட்டு வேகங்கள் எழுதியிருக்கும். வேலை செய்வது ஒன்றுதான், அரை விநாடி. ரிப்பேர்காரர் திறந்து பார்த்தார், மூடினார். "இத்த ஒண்ணியும் பண்ண முடியாது. இதுக்கு ஏத்த மாரி நீ ஆளப் பாத்துக்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அரை விநாடி அசையாமல் இருக்கிற ஆளை ராயபுரத்தில் உயிரோடு பார்ப்பது கஷ்டம். அவர் அப்பா இறந்த அன்று அடைமழை. சவப்பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பம் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம், ஆனால் ஸ்டூடியோக்காரர் வரவில்லை. அழுதுகொண்டே இவரே எடுத்தார். படத்தில் அப்பா பிரமாதமாக வந்திருந்தார். மீசையை மயிர் மயிராக எண்ணலாம். சுற்றி நின்ற பதினாலு உறவுக்காரர்கள் மட்டும் சாம்பிராணிப் புகையாகக் கலைந்திருந்தார்கள். துக்க வீட்டில் யார் தங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள்? இறந்தவர் நன்றாக இருந்தார், அதுவே பேச்சாகிவிட்டது. அன்றிலிருந்து எந்த வீட்டில் பெட்டி வந்தாலும் அவருக்கும் ஆள் வந்துவிடும்.

அவர் மகள் அம்மு நாலு வயதில் சுவரில் மாட்டிய அந்தப் படத்தைக் காட்டி, "தாத்தா இன்னா எப்பப் பாத்தாலும் தூங்கிகினே கீறாரு?" என்று கேட்டாள். அது அவரைச் சுட்டுவிட்டது. அப்பாவின் கண்ணைக் காட்ட வீட்டில் ஒரு படம் கூட இல்லை. மறுநாளே கறுப்புத் தாள் ஆல்பம் ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் வெள்ளை மையால் 'உயிரோடு' என்று எழுதினார். நூறு பேர். எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள், கண் திறந்திருக்க வேண்டும், தங்கள் வேலையில் இருக்க வேண்டும், பாதம் வெட்டுப்படக் கூடாது. ஆறு வருஷத்தில் ஒன்பது தேறியிருக்கிறது. அதில் இருவர் டியூட்டியில் நின்ற போலீஸ்காரர்கள். ஒன்று ஆடு.

முயற்சிக்குக் குறைச்சல் இல்லை. ஒவ்வொரு ரோலையும் அரிசி மூட்டை வைக்கிற உள்ளறையில், கதவிடுக்கில் மனைவி வியாகுலம்மாளின் பழைய புடவையை அடைத்து, அவரே கழுவுவார். காய்ந்ததும் நோட்டுப் புத்தகத்தில் குறை எழுதுவார். 'கயிறு திரிக்கும் சுப்பராயன். கை நாலு. அடுத்த முறை சுவரில் சாய்த்து எடுக்க வேண்டும்.' அடுத்த ரோலில், 'சாய்த்தேன். சுவர் நன்றாக வந்திருக்கிறது.' அசையாதே என்று சொல்லியும் பார்த்தார். சொன்னதும் ஆள் கையைத் தொடையோடு ஒட்டி, மூச்சை அடக்கி, முழி பிதுங்க நிற்கிறான். "இதுக்குப் பொணமே தாவலய்யா" என்றாள் வியாகுலம்மாள்.

இத்தனை நாளும் இது அவருடைய சொந்தத் தொல்லையாகத்தான் இருந்தது, சிலுவையம்மாளுக்கு ஒரு கடிதம் வரும் வரை. சிலுவையம்மாள் மீன் விற்கிறவள். ஒரே மகன் யேசுதாஸ் சிங்கப்பூர் துறைமுகத்தில் இருக்கிறான், போய்ப் பத்து வருஷம் ஆகிறது. புருஷன் இறந்தபோது அருள்பிரகாசம் எடுத்த படத்தை அவனுக்கு அனுப்பியிருந்தாள். அவளுக்குக் கடிதம் படித்துச் சொல்கிறவரும் அருள்பிரகாசம்தான். பதிலைப் பிரித்து வழக்கம்போல உரக்கப் படித்தார். "அப்பா நல்லா கீறாரு. நீ எங்கம்மா? பக்கத்துல பொகை மாரி ஒண்ணு தெரியுது, அதுவா? ஒம் மொகம் எனக்கு மறந்துகினே வருது. தனியா ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லு." ஒரு பிள்ளைக்குத் தாயைப் புகையாக்கி அனுப்பியவர் தான்தான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

இரண்டு ரோல் அவளுக்காகவே செலவழித்தார். மீன் கூடைக்குப் பின்னால் உட்கார வைத்தார். அவள் பேச்சை நிறுத்தினால் கை பேசியது, கையைப் பிடித்தால் தலை திரும்பியது. நோட்டில் 'வாய் மூன்று' என்று எழுதினார். படத்தைப் பார்த்த சிலுவையம்மாள், "இந்தக் கஸ்மாலத்த அனுப்புனா ஆத்தாவுக்குப் பேய் புட்சிகிச்சினு கப்பலேறி வந்துடுவான்" என்றாள்.

"வந்தா நல்லதுதான யக்கா" என்றார் இவர். அவள் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீனை அலசத் தொடங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை காலை அவளே வீட்டுக்கு வந்தாள். தலை குளித்து, வெள்ளைப் புடவை உடுத்தி, கையில் ஜெபமாலை. உள்ளே வந்ததும் பெஞ்சில் நீட்டிப் படுத்தாள். இரண்டு கையையும் மார்மேல் கோத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். காப்பியோடு வந்த வியாகுலம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

"யக்கா, இன்னா இது?"

"நீ எடுக்கற போட்டோவுல பட்த்துகினு கீறவன்தான் நல்லாகீறான். நிக்கறவன் ஒக்காந்தவன் எல்லாம் பேஜாரு. எங்கூட்டுக்காரரு எப்டி வந்தாரு, எய்ந்து வந்து பேசிடுவாரு மாரி! அதான் பட்த்துகினேன். எடு."

உள்ளதைச் சொல்ல வேண்டும், அருள்பிரகாசம் ஒரு கணம் துருத்தியை விரித்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் அளவாக விழுந்திருந்தது. ஒரு தூசு அசையவில்லை. எடுத்தால் அதுவரை அவர் எடுத்ததிலேயே நல்ல படமாக இருந்திருக்கும். துருத்தியை மடித்தார்.

"யக்கா, ஒத்தப் புள்ள. தபால்காரன் குட்த்ததும் பிரிச்சிப் பாப்பான். இப்டிப் பாத்தான்னா அங்கியே வுயுந்துடுவான்."

சிலுவையம்மாள் ஒரு கண்ணை மட்டும் திறந்து யோசித்தாள். "அதுவும் நாயந்தான்" என்று எழுந்து, வந்ததற்கு ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை அருள்பிரகாசம் லீவு போட்டுவிட்டு மீன் மார்க்கெட்டில் அவள் எதிரே போய் உட்கார்ந்தார். இவள் எப்போது அசையாமல் இருப்பாள் என்று எண்ணப் போகிறாராம். மூட்டை எண்ணிப் பழகியவர், பொறுமை உண்டு. பதினொன்றரை வரை ஒரு கோடு கூட விழவில்லை. பன்னிரண்டுக்குக் கோயிலில் மணி அடித்தது. காலை, பகல், மாலை என்று மூன்று வேளையும் அடிக்கிற ஜெப மணிதான். பழக்கப்படி எழுந்து, சிலுவை போட்டு, கண்ணை மூடி ஜெபத்தை முடித்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மணி அடித்தபோது மார்க்கெட்டில் ஒரு சத்தம் இல்லை. நாற்பத்திரண்டு வருஷமாக அந்த மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு நின்றவருக்கு, சுற்றி எல்லாரும் சிலையாக நிற்கிறார்கள் என்பது இத்தனை நாளும் தெரியாமல் போயிற்று.

மறுநாள் பகல் சாப்பாட்டு வேளையில் ஹார்பரிலிருந்து ஓடி வந்து, தப்பு என்று தெரிந்தே, மணி அடிக்கும்போது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பேரம் பாதியில் நின்றிருந்தது. தூக்கிய தராசு தூக்கியபடி. அங்கே நின்ற அத்தனை பேரும் கண்ணை மூடியிருந்தார்கள், சிலுவையம்மாளைத் தவிர. அவள் ஜெபத்தில்தான் இருந்தாள், உதடு அசையாமல், மனசுக்குள். ஆனால் மார்க்கெட் பூனைகளுக்கு மணி எப்போது அடிக்கும் என்று தெரியும். அதனால் அவள் கண் மட்டும் திறந்து கூடையைக் காத்துக்கொண்டிருந்தது.

ஜெப நேரத்தில் படம் எடுக்கலாமா என்று சாமியாரைக் கேட்கலாம். கேட்டால் கூடாது என்பார், அதனால் கேட்கவில்லை. புதன்கிழமை தன் ஜெபத்தைப் பத்து நிமிஷம் முன்னதாகவே சொல்லி முடித்துக்கொண்டார். ஓலைப் பந்தல் நிழலில் மீன் பெட்டிமேல் கேமராவை வைத்து, கீரையால் மறைத்தார். முதல் மணி விழுந்தது. எழுந்து நின்றார்கள். அருள்பிரகாசம் விசையில் விரலை வைத்தார். இரண்டாவது மணி. மூன்றாவது மணிக்கு விசையை அழுத்தினார். அரை விநாடி போயிற்று. அதற்குப் பிறகு, முன்னமே சொன்னது செல்லுமோ செல்லாதோ என்று, கண்ணை மூடி இன்னொரு முறை ஜெபம் சொன்னார்.

சனிக்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். சிலுவையம்மாள் கையை முந்தானையில் இரண்டு தரம் துடைத்துவிட்டு வாங்கினாள். நெற்றிச் சுருக்கம், கழுத்தில் சிலுவைக் கயிறு, கையில் கத்தி, விரலில் ஒட்டியிருந்த செதில், மண்ணில் ஊன்றிய இரண்டு பாதம், எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. கண் நேராகப் பார்த்தது. அவள் முகம் மாறிவிட்டது.

"இம்மாந் தெளிவா கீறனே நைனா" என்றாள், மெதுவாக.

அவள் படத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையின் ஆள்காட்டி விரலைத் திருப்பி, படத்திலிருந்த மூக்குக்குக் கீழே, மூச்சு வருகிறதா என்று பார்ப்பதுபோல், கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு அதே விரலைத் தன் மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டாள்.