போர்வையை இழுப்பது யார்?

எங்கள் வீட்டுக்காரருக்குப் படகில் வைத்த பெயர் வெந்நீர். குளிர்காலத்தில் கடலுக்குள் முங்கி எழுந்தாலும் அவருக்குப் பல் கிட்டாது, சிரித்துக்கொண்டே துண்டைத் தேடுவார். படகு ஓட்டுகிறவன்தான் அந்தப் பெயரைச் சூட்டினான். இவருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. ஈரத் துண்டைப் பிழிந்து காயப்போடுகிறவளுக்கு என்ன பெருமை வேண்டியிருக்கிறது!

டைவிங் கடையில் அவர் ஆட்களைக் கடலடிக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டி. எனக்கு உடுப்பு அறையில் வேலை. எப்போதும் ஈரமான தரை, ரப்பர் வாடை, சுவரை ஒட்டி மூணு மில்லி, அஞ்சு மில்லி, ஏழு மில்லி என்று கனவாரியாகத் தொங்கும் வெட்சூட்டுகள், அதாவது முங்கும்போது போட்டுக்கொள்கிற ரப்பர் உடுப்புகள். எங்கள் குளிர்காலம் பனி கொட்டுகிற குளிர்காலம் இல்லை. கரையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். வருகிறவர்கள் தண்ணீரில் காலை நனைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா பயந்தோம்?" என்று மெல்லிசு உடுப்பாகவே கேட்பார்கள். முதல் தடவை இறங்கும்போது ஒன்றும் தெரியாதுதான். உடம்புச் சூடு கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இரண்டாவது தடவை இறங்கும்போதுதான் வெடவெடவென்று ஆட்டும். கடலடியில் ஆட ஆரம்பித்தால் சிலிண்டர் காற்று மளமளவென்று தீரும், புத்தியும் மந்தமாகும். விளையாட்டுக் காரியமில்லை.

அதனால் யாருக்கு எந்தக் கனம் என்று முடிவுசெய்ய அவர் ஒரு கேள்வி வைத்திருந்தார்.

"வீட்டுல போர்வைய இழுக்கிறது யாரு?"

ஜோடியாக வந்தால் போதும், அறை கலகலத்துவிடும். "இவதாங்க! எனக்கு ஒரு மூலைகூட மிஞ்சாது." "அடப்பாவி, நீங்க உருண்டு சுருட்டிக்கிறத யாரு சொல்றது?" இழுக்கிற ஆளுக்கு அஞ்சு மில்லி, உள்ளே தலையையும் மூடுகிற ரப்பர் பனியன். விட்டுக்கொடுக்கிற ஆளுக்கு மூணு.

"ஏங்க, ஊரான் வீட்டுப் படுக்கையறை உங்களுக்கு எதுக்கு?" என்று எரிந்து விழுவேன்.

"குளிருமான்னு கேட்டா எவனும் நெசத்தச் சொல்ல மாட்டான்டி. போர்வையக் கேட்டா பக்கத்துல படுக்கிறவங்க போட்டுக்குடுத்துடுவாங்க."

படகிலும் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் தடவை முங்கி ஏறியதும் எல்லாரும் கையை நீட்டிக் கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுக் காட்ட வேண்டும். விறைத்த கைக்கு அது வராது. தொட முடியாதவர்களுக்கு இரண்டாவது தடவை கிடையாது. எவ்வளவு பெரிய மனுஷராக இருந்தாலும், கெஞ்சினாலும், போர்த்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அவர் மட்டும் முழங்காலில் ஒட்டுப்போட்ட அந்தப் பழைய மூணு மில்லியை விடவே மாட்டார்.

ஒரு குளிர்காலம், காலையில் எழுந்தால் என் மேல் போர்வை இல்லை. மறுநாளும் இல்லை. இத்தனை வருஷத்தில் இழுத்தது நான், விட்டுக்கொடுத்தது அவர். இப்போது பார்த்தால் மனுஷன் தலையோடு கால் போர்த்திக் கிடக்கிறார்.

"இப்பல்லாம் போர்வைய இழுக்கிறது நீங்கதான், தெரியுமா?"

"கனாக் கண்டிருப்ப."

"அஞ்சு மில்லி எடுத்து வைக்கிறேன், பேசாம போட்டுக்குங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "வெந்நீருக்கே குளிருதுன்னு தெரிஞ்சா முதலாளி என்னக் கரையில உக்கார வச்சிடுவாரு. ஏற்கெனவே சாடையாச் சொல்லிட்டாரு. கடல் இல்லாம நான் என்னடி பண்ணுவேன்?"

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ரசத்தை ஊற்றினேன்.

அந்த வாரமே படகில் கையாள் வரவில்லை என்று நான் கூடப் போனேன். முதல் தடவை முடிந்து எல்லாரும் ஏறி, வரிசையாக விரலைத் தொட்டுக் காட்டினார்கள். வாயாடியான ஒரு டீச்சர், "எங்களயே கேக்கறீங்களே, நீங்க காட்டுங்கண்ணே!" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். மற்றவர்களும் கைதட்டினார்கள்.

அவர் கையை நீட்டினார். கட்டைவிரல் பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. சுண்டுவிரல் தனியாக நடுங்கியது. இன்னும் ஒரு தடவை முயன்றார். கைதட்டல் தானாக ஓய்ந்தது. படகோட்டி எங்கோ பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான். இவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். "சட்டம் சட்டந்தான். இன்னைக்கு இவ்வளவுதான்" என்று முங்குவதற்குக் கனமாக இடுப்பில் கட்டிய ஈயக்கட்டிப் பட்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார். என் புடவைத் தலைப்பை அவர் கையில் சுற்றிவிட்டேன்.

மறுநாள் காலை உடுப்பு அறையில் கூட்டம். வந்தவர்களோடு வந்தவராக அவரும் வரிசையில் நிற்கிறார்! முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவர் முறை வந்தது. நானும் விடாமல் அவர் கேள்வியையே அவரிடம் கேட்டேன்.

"வீட்டுல போர்வைய இழுக்கிறது யாருங்க?"

அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "நான்தாங்க."

சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துவிட்டார். அஞ்சு மில்லியை மாட்டிவிட்டு, முதுகுப் பள்ளத்திலும் அக்குளிலும் கையை வைத்துப் பார்த்தேன். தொளதொளவென்று இருந்தால் உள்ளே புகுந்து உடம்புச் சூட்டில் சூடான தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், எவ்வளவு கனமாக இருந்தும் வீண். இது கச்சிதமாக ஒட்டியது. தடித்த ரப்பர் மிதக்கும் என்பதால் பட்டையில் கூடுதலாக ஈயக்கட்டி கோத்தேன். அன்று இரண்டாவது தடவை முடிந்து படகு திரும்பியபோது, கரையில் நின்ற எனக்குத் தூரத்திலிருந்தே கையைத் தூக்கி விரலைத் தொட்டுக் காட்டினார். கிறுக்கு மனுஷன்.

முதலாளி அதன்பிறகு கரைப் பேச்சை எடுக்கவில்லை. அதற்கப்புறமும் எத்தனையோ குளிர்காலம் கடலுக்குள் போனார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது கடலுமல்ல, குளிருமல்ல. ஒரு கோடை மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

உடுப்பு அறையில் இன்னும் நான்தான். கேள்வியும் அதேதான். போன வாரம் புதுசாகக் கல்யாணமான ஒரு பெண், தன் பதிலைச் சொல்லிவிட்டு என்னையே மடக்கினாள்.

"உங்க வீட்டுல யாரும்மா இழுக்கிறது?"

காலையில் மடித்துவைக்கும்போது அவர் பக்கத்துப் பாதிப் போர்வை கசங்காமல் கிடந்தது நினைவுக்கு வந்தது.

"அவருதான்" என்றேன். அவளுக்கு அஞ்சு மில்லியை எடுத்துக் கொடுத்தேன்.