சம்பந்தியம்மாவுக்கு நான் வைத்த தேர்வு

சொந்தச் சம்பந்தியம்மாவை எதிரில் உட்கார வைத்து, முப்பத்திரண்டு கேள்விகள் கேட்டு, மதிப்பெண் போட்டு, தேர்ச்சி பெறவில்லை என்று முடிவு கட்டியவன் நான். முப்பத்திரண்டுக்குப் பதினொன்று. அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நூலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவனுக்குக் காகிதத்தைக் கிழிக்கக் கை வராது என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். உண்மை அதுவல்ல. என்னைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் தோன்றும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

திருக்கோவிலூரில் கிளை நூலகர் உத்தியோகம், கள்ளக்குறிச்சியில் வீடு, இரண்டுக்கும் நடுவில் பேருந்தில் படிப்பு, கிடைத்த நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை. என் வாழ்க்கை இவ்வளவுதான். மனைவி காலமாகி நான்கு வருடம் கழித்து, என் ஒரே மகள் கல்லூரியில் கூடப் படித்த பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பையனுக்கு ஊர் வெள்ளிமலை. மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். தகப்பன் இல்லை, தாய் மட்டும். மேலே கீழே என்று மனிதர்களைப் பார்க்கக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் எழுதிய கையோடு உடனே சம்மதித்தேன். சம்மதித்ததையும் ஒரு கட்டுரையாக எழுதினேன். பாராட்டு குவிந்தது. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

கல்யாணம் ஆகி மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மகள் என் வீட்டுக்கு வந்தாள். ஊரில் ஒரு மருத்துவமனையில் பார்த்தோம். எது என்று சொல்லப்போவதில்லை. நடந்த தவறில் அதற்குப் பங்கு கிடையாது. பிரசவ வார்டுக்குள் வலி எடுத்ததிலிருந்து கூடவே இருக்க உறவுக்காரப் பெண் ஒருவரை மட்டும் அனுமதிப்போம், பெயரை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று அங்கே சொன்னார்கள். திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் மகள் கேட்டாள், "உள்ள என்கூட யாருப்பா இருப்பாங்க?"

அம்மா இல்லாத பெண் கேட்கிற கேள்வி. கொஞ்ச தூரம் போனதும் அவளே பதிலும் சொன்னாள். "அத்த வந்தா போதும்பா. தனியா இருக்கத்தான் பயமா இருக்கு." விஷயம் அந்த ஆட்டோவிலேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நான் படித்தவனாயிற்றே. எந்தக் கஷ்டம் வந்தாலும் அதைப் பற்றிப் புத்தகம் தேடிப் படிப்பதுதான் அதை எதிர்கொள்வது என்று நம்புகிறவன். மூன்று புத்தகங்கள் படித்தேன். மூன்றிலும் டூலா என்றொருவர் வந்தார். அவர் மருத்துவரும் இல்லை, நர்சும் இல்லை. வலி எடுத்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை நகராமல் பக்கத்தில் நின்று, முதுகைப் பிடித்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, தைரியம் சொல்வதற்கென்றே பயிற்சி பெற்றவர். தாயில்லாத மகளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல எண்ணம்தான். என் மடத்தனங்கள் பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பிக்கும்.

கள்ளக்குறிச்சியில் டூலா தேடியவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மருந்துக் கடைக்காரர் "எத்தன எம்ஜி சார்?" என்று கேட்டார். கடைசியில் இணையத்தில் சென்னைப் பெண்மணி ஒருவர் கிடைத்தார். நிதானமான பேச்சு, சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ். அவர் கட்டணம் என்னுடைய ஒன்றரை மாதச் சம்பளம், கார் வாடகை தனி. சேமநல நிதியில் முன்பணம் கேட்டு, காரணம் என்ற இடத்தில் மருத்துவச் செலவு என்று எழுதினேன். அலுவலகத்து எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"யாருக்கு சார் ஒடம்பு சரியில்ல?"

"பொண்ணுக்குப் பிரசவம். துணைக்கு ஒரு ஆள் வைக்கிறேன்."

"வூட்ல பொம்பளைங்க யாரும் இல்லியா சார்?"

இல்லை என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா மலையிலிருந்து இறங்கி வந்தார். ஒரு பை சாமை அரிசி, ஒரு பூசணிக்காய். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர், ஒல்லி, வேகமான நடை. வெள்ளிமலைப் பக்கம் யாருக்காவது வலி எடுத்தால் ஜீப்பிலோ ஆம்புலன்சிலோ கூட ஏறி, ஆஸ்பத்திரியில் நின்று, பிள்ளையோடு திரும்பக் கொண்டுபோய் விடுவது அவர் வழக்கம் என்று மாப்பிள்ளை ஒருமுறை சொல்லியிருந்தார். மனதளவில் நான் சென்னைக்காரரை அமர்த்தியாயிற்று. இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. படித்த மூன்றில் ஒன்றான ஆங்கிலப் புத்தகத்தின் பின்னிணைப்பில் டூலாவை அமர்த்துமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இருந்தன. தமிழில் எழுதி வைத்திருந்தேன். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். தாளை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன்.

"பிரசவம் பற்றிய உங்கள் அணுகுமுறை என்ன?" என்று வாசித்தேன்.

"அப்டின்னா இன்னாங்கண்ணா?"

"பிரசவத்தப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?"

யோசித்துவிட்டு, "வலிக்கும்ங்க" என்றார். அரை மதிப்பெண் போட்டேன்.

"இதுவரை எத்தனை பிரசவங்களில் உடன் இருந்திருக்கிறீர்கள்?"

"எண்ணலீங்களே. ஜீப்புலயே ரெண்டு ஆயிடுச்சி. அதையும் சேக்கணுமா?"

"வலியைத் தாங்க எப்படி உதவுவீர்கள்?"

"இடுப்பப் புடிச்சி வுடுவேன். நடக்கச் சொல்வேன். எதுனா பேசிக்கினே இருப்பேன். திட்டுனா வாங்கிக்குவேன். மாமியாரத் திட்ட முடியாததெல்லாம் என்னைத்தான் திட்டுங்க."

"இந்தப் பணிக்கு ஏன் வந்தீர்கள்?"

இதற்கு மட்டும் மகள் தூங்கிய அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எனக்கு மொதப் புள்ள பொறந்தப்ப கூட யாரும் இல்லீங்க" என்றார். முறையான பயிற்சி, சான்றிதழ் என்று பதில் வர வேண்டிய இடம் அது. பூஜ்யம் போட்டேன். இதைச் சற்று நிறுத்தி எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பூஜ்யத்தை நன்றாக வட்டமாகப் போட்டிருக்கிறேன், தாளில் தெரிகிறது.

முப்பத்திரண்டாவது கேள்வியும் முடிந்ததும் சம்பந்தியம்மா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். அதற்குள் நாலாக மடித்த ஆதார் நகல். "இத ஒட்டணுங்களா? கையெழுத்து எங்கண்ணா போடணும்?" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மலையில் யார் வந்து உட்கார்ந்து தாளும் பேனாவுமாகக் கேள்வி கேட்டாலும் அது ஏதோ ஒரு பதிவுக்காகத்தான் இருக்கும். சம்பந்தி தன்னைச் சோதித்துக்கொண்டிருக்கிறான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மருத்துவமனைக்குத் தன் பெயரைப் பதிவதற்கான விண்ணப்பம் என்று நினைத்துத்தான் அத்தனைக்கும் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் தாளின் அடியில் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். எழுத்துக்கு எழுத்து நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். நகலை வாங்கிக் குண்டூசியால் குத்தி வைத்தேன். "அப்ப நான்தான் உள்ள போவணும்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுச் சாயங்காலப் பேருந்துக்குப் போனார். ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொல்லவும் செய்திருக்கிறார்.

அடுத்த வாரம் மகள் ஸ்கேன் அறையில் இருந்தபோது, மருத்துவமனைப் படிவத்தில் உடன் இருப்பவர் என்ற இடத்தில் சென்னைப் பெண்மணியின் பெயரை எழுதினேன். உறவினர்தான் இருக்கலாம் என்பதால் உறவுமுறை என்ற கட்டத்தில் சித்தி என்று எழுதினேன். உயிரோடு இல்லாத என் மனைவிக்கு அன்று ஒரு தங்கை பிறந்தாள். மகளிடம், வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அத்தைதான் வரப்போகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வலி பதினாறு நாள் முன்னதாகவே எடுத்துவிட்டது. விடியற்காலையில் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சென்னைக்குப் போன் செய்தால், அந்த அம்மாள் வேறொரு பிரசவத்தில் இருந்தார். என் மகளுக்கென்று அவர் ஒதுக்கியிருந்த நாட்கள் ஆரம்பிக்க இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. கிடைத்த காகிதத்தையெல்லாம் படிக்கிற நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரே காகிதம் அது. மதியத்துக்கு மேல்தான் கிளம்ப முடியும், அதுவரை வீடியோவில் பேசுகிறேன் என்றார். பிரசவ வார்டுக்குள் போன் கூடாது. மாப்பிள்ளை ஓசூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். மகள் கதவுக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தாள்.

மாப்பிள்ளை சொல்லி, சம்பந்தியம்மா முதல் பேருந்தில் வந்து இறங்கினார். நேராக வந்து கதவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. எழுந்து போய், பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்வது. செய்யவில்லை. மூன்று மணி நேரம் செய்யவில்லை. செய்தால் பக்கத்தில் இருக்கிறவருக்குத் தெரிந்துவிடும், தன் பெயர் அங்கே இல்லை என்று. நர்ஸ் எட்டிப் பார்த்து, "அவங்க சித்தி வந்தாச்சா?" என்று கேட்டபோது நான் அவசரமாக எழுந்து போய், "வந்துக்கினே இருக்காங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு வந்தேன். என் முகத்தைப் பார்த்துச் சம்பந்தியம்மா, "பயப்படாதீங்கண்ணா, நேரம் வந்தா என்னைக் கூப்புடுவாங்க. பேர்தான் குடுத்துக்கிறமே" என்று எனக்குத் தைரியம் சொன்னார். புத்தகத்தில் டூலா செய்வதாகப் போட்டிருந்ததை எனக்குச் செய்துகொண்டிருந்தார்.

உள்ளிருந்து மகளின் குரல் கேட்டது. அலறல் இல்லை. "அத்த" என்று ஒரு தடவை கூப்பிட்டாள், பக்கத்து அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுவதுபோல. சம்பந்தியம்மா எழுந்து போய்க் கதவைத் தட்டினார். நர்ஸ் வந்தார்.

"எம்மருமவ கூப்புடுதுங்க. எம்பேரு எழுதிக்கிது, பாருங்க."

நர்ஸ் நோட்டைப் பார்த்தார். "நீங்க சித்தியாம்மா? இதுல வேற பேருல்ல இருக்கு."

சம்பந்தியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். கூட்டல் கணக்கு போடுகிறவர்களின் முகம்போல இருந்தது. கூடத்தில் உட்கார்ந்தது, தாள், கேள்விகள், குண்டூசி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வந்து விடை தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தம்மா வர்லீங்க. நான் போறேன்" என்றார் நர்சிடம்.

"பேரு எழுதிக் குடுத்தவரு மாத்தி எழுதித் தரட்டும். ஒரு வரி போதும்."

என் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான வரிகள் எழுதியிருக்கிறேன். யாருக்காவது உபயோகப்பட்டது அந்த ஒரு வரிதான். எழுதும்போது சம்பந்தியம்மாவின் முழுப்பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரே மெதுவாகச் சொன்னார், எழுதிக்கொண்டேன். செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

ஒரு மணி நேரத்துக்குள் பேத்தி பிறந்தாள். இருவரும் நலம். உள்ளே என்ன நடந்தது, அத்தை என்ன செய்தார் என்று மகளிடம் பிறகு கேட்டேன். அதுவும் எழுத உதவுமே என்ற நப்பாசை. "அது எனக்கும் அத்தைக்கும்பா" என்றாள். அதற்கு மேல் இன்றுவரை சொல்லவில்லை. சித்தி விவகாரம் அவளுக்குத் தெரியும். அதைப் பற்றியும் அவள் பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து வெள்ளிமலைக்குப் போனேன். பேருந்து மலை ஏறுகிற நேரம் முழுக்க மன்னிப்பை மனதுக்குள் எழுதித் திருத்திக்கொண்டே போனேன். சம்பந்தியம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே ஆரம்பித்தேன். என் படிப்பு, என் கர்வம், சமமாக நினைப்பதாக ஊருக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் தேர்வு வைத்தது, பூஜ்யம் போட்டது, தாயில்லாத பெண்ணை மூன்று மணி நேரம் தனியாகக் கிடக்க விட்டது, ஒன்றையும் விடவில்லை. நடுவில் என் குரல் தழுதழுத்தது. நல்ல இடத்தில் தழுதழுத்தது என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

சம்பந்தியம்மா முறத்தை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். முடித்ததும், உமியை ஒருமுறை ஊதிவிட்டுச் சொன்னார்:

"மூணு இல்லீங்கண்ணா, அஞ்சு. நான் வந்து உக்காந்தப்ப வார்டுல இட்லி குடுத்துக்கினு இருந்தாங்க. எழுந்து உள்ள போனப்ப மத்தியானச் சோறு வந்துடுச்சி."