மூன்று தடவையா, இரண்டு தடவையா

லொரெட்டா திபோ முப்பத்தொரு வருடம் எங்கள் ஊர்ப் பள்ளி பஸ்ஸை ஓட்டினாள். அமெரிக்காவின் வெர்மான்ட் மலைச் சாலைகளில் பனியையும் சேற்றையும் சமாளித்தவளுக்கு ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. ஊருக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். யார் வீட்டுப் பசுவைக் காணோம், எந்தப் பாலம் ஆட்டம் காண்கிறது என்று எல்லாம் அதில் வரும். எனக்கு அவளைப் பிடிக்கும். ஊர்ச் சபை கிளார்க்கான நான் அப்படிச் சொல்லக் கூடாது, இருந்தாலும் பிடிக்கும்.

போன ஜனவரியில் அவள் எழுதியது நாலே வரி. பெரும்பனி பெய்த அன்று ஊரின் பனி வாரும் லாரி சபைத் தலைவர் வென்டெல் ப்ரூட்டியின் வீட்டு வாசலுக்கு மூன்று தடவை போனதாம்; ஆம்புலன்ஸ் கொட்டகைக்கு மத்தியானம்தான் வந்ததாம். வென்டெல் கொதித்துப் போனான். எல்லாம் பொய், அவதூறு என்று அந்தப் பக்கத்தை வைத்திருக்கும் கம்பெனிக்கு வக்கீல் கடிதம் போனது. கம்பெனி ஒரு வார்த்தை விசாரிக்காமல் பக்கத்தையே மூடிவிட்டது. ஒன்பது வருட எழுத்து ஒரே நாளில் போயிற்று. லொரெட்டா என் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள். "மார்ச்ல ஊர்க் கூட்டம் வருதுல்ல? அதுல யார் வேணா பேசலாமில்ல?"

"பேசலாம். ஆனா ரெண்டே நிமிஷம்."

"அது போதும் எனக்கு."

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை பள்ளி ஜிம்மில் ஊரே கூடியது. லொரெட்டா எழுந்து அதே நாலு வரியை நிதானமாகப் படித்தாள்.

"பக்கத்த மூடியும் வாய் அடங்கலையா உங்களுக்கு?" என்றான் வென்டெல்.

"ரெண்டாங்கிளாஸ் முழுக்க என் பஸ்ல ஒரே பாட்டப் பாடினியே வென்டெல், நான் உன் வாய மூடினேனா?"

ஜிம்மே சிரித்தது. அவனுக்குக் காது சிவந்தது. என் பக்கம் திரும்பினான்.

"ஒரு வார்த்தை விடாம மினிட்ஸ்ல ஏத்துங்க. வக்கீலுக்கு ஆதாரம் வேணும்."

நானாக இருந்தால் கூட்டக் குறிப்பில் 'திருமதி திபோ பேசினார்' என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். தலைவரே கேட்கும்போது என்ன செய்வது? பஸ் பாட்டு விஷயத்தைக்கூட விடாமல் எழுதினேன். ஐந்தாம் நாள் வழக்கம்போல் மினிட்ஸ் ஊர்ச் சபையின் சொந்த இணையதளத்தில் ஏறியது. பக்கத்து ஊர்க்காரர்களும் படித்துவிட்டுப் போன் செய்தார்கள்.

மறுநாளே வென்டெல் வந்து நின்றான். "அத எடுத்துடுங்க."

"எடுக்க வழியில்லைங்க. தப்பு இருந்தா திருத்தலாம். எந்த வரி தப்புன்னு சொல்லுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகத் தேடினான். கடைசியில் சந்தோஷமாக மேஜையைத் தட்டினான்.

"இந்தா. மூணு தடவைன்னு போட்டிருக்கு. ரெண்டே தடவைதான் வந்துச்சு."

"நிச்சயமாவா?"

"ஜன்னல்ல நின்னு நானே பாத்தேன். எழுதுங்க."

எழுதினேன். கீழே அவன் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

லாரி வந்ததைத் தலைவரே ஒப்புக்கொண்ட அந்தத் திருத்தத்தின் நகலை லொரெட்டா கம்பெனிக்கு அனுப்பினாள். அடுத்த வாரம் பக்கம் திரும்பி வந்தது. முதல் வேலையாக அதில் மன்னிப்புக் கேட்டிருந்தாள்: "ஒரு தடவை கூட்டிச் சொல்லிவிட்டேன். தலைவரிடம் வருத்தம் தெரிவிக்கிறேன்."