மதினியின் கணினியில் இருந்த சைகைகள்

சின்னஞ்சிறு கை ஒன்று காது மடலைப் பிடித்திருக்கும் படம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அதன் கீழே 'அத்தை' என்று எழுதியிருக்கும். நான் போடும் பெரிய ஜிமிக்கியைப் பார்த்து என் அண்ணன் மகள் எனக்கு வைத்த பெயர் அது. பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. அவளாக உண்டாக்கிக்கொண்ட சைகைகளை என் மதினி ஒவ்வொன்றாகப் படமெடுத்து, அர்த்தம் எழுதி, மார்க்கையன்கோட்டை வீட்டுக் கணினியிலேயே ஒரு வலைப்பக்கமாக வைத்திருந்தார். பள்ளிக்கூடத்து டீச்சரோ சொந்தக்காரர்களோ போனில் முகவரியைத் தட்டினால் போதும், பிள்ளை என்ன சொல்கிறாள் என்று தெரிந்துவிடும். வாரத்துக்கு ஒன்றாவது புதிதாகச் சேரும்.

முதலில் ஓர் இலவசத் தளத்தில்தான் போட்டிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் அதை மூடிவிட்டார்கள், படங்களும் போயின. "இனிமே எம் மக பேச்சு அடுத்தவுக வீட்டுல கெடக்க வேணாம்" என்று சொல்லித்தான் வீட்டிலேயே வைத்தார். அதிலிருந்து ஆரம்பித்தது அவருடைய பாடு. கரண்டு போய் வந்தால், பக்கத்துக்கு முகவரியாக இருக்கும் இணைப்பின் எண் மாறிவிடும். பழைய முகவரியில் பக்கம் திறக்காது. இன்டர்நெட் கொடுத்தவரைக் கூப்பிட்டால், "அக்கா, நீங்க வெளிய இருக்கிறதப் பாக்கத்தான் லைன். வெளிய இருக்கிறவுக உங்க வீட்டுக்குள்ள பாக்கிறதுக்கு இல்ல" என்பார். மாறாத எண் ஒன்றை வாங்குவதற்குள் மதினிக்குத் தொண்டை வற்றிவிட்டது.

அப்போது பிள்ளைக்கு ஆறு வயது, எழுத்து இன்னும் பிடிபட்டிருக்கவில்லை. என்னோடு தேனியில் தங்கியிருந்தபோது காய்ச்சல் அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நர்சம்மா ஊசியோடு வந்ததும் அவள் தன் கையைக் கிள்ளிக் காட்டினாள், பிறகு விரல்களைக் கழுத்தில் வைத்து அழுத்தினாள். திரும்பத் திரும்ப அதையே செய்தாள். "ஊசின்னா எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான்மா பயப்படும்" என்றார் நர்சம்மா. எனக்கு மனசு ஒப்பவில்லை. கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் போனில் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஊரில் அன்று பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். மதினி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். அவர் போனும் கிடைக்கவில்லை. பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு மறுபடியும் கழுத்தை அழுத்தினாள். ஒருவழியாக மதினி எடுத்தார். நான் சொல்லி முடிப்பதற்குள், "ஆத்தா, போட விட்றாத! போன தடவ ஒரு ஊசி போட்டு மூச்சு முட்டிருச்சு. அதத்தான் சொல்றா!" என்று கத்தினார். போனை நர்சம்மாவிடம் கொடுத்தேன். மதினி சொன்ன மருந்தின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. ஊசியை அப்படியே தட்டில் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

வந்து சேர்ந்த மதினி மகளைக் கட்டிக்கொண்டு அழவில்லை. "கரண்டு போனா எம் மக பேச்சும் போயிருமா?" என்று என்னிடம்தான் கோபப்பட்டார். மறுவாரமே கணினிக்கும் இன்டர்நெட் பெட்டிக்கும் சேர்த்து ஒரு பேட்டரி வைத்தார். அதன்பின் கரண்டு போனாலும் பக்கம் நின்றுபோகவில்லை.

இப்போது இன்டர்நெட் கம்பெனியே கைமாறிவிட்டது. வீட்டு இணைப்புக்குத் தனி எண்ணெல்லாம் கிடையாதாம். "ஃப்ரீயா எவ்வளவோ எடம் இருக்கே, அதுல போடுங்களேன்" என்கிறார்கள், புதுசாக எதையோ கண்டுபிடித்துச் சொல்வதுபோல. மதினி நாள்தவறாமல் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறார். புதிய சைகைகளை விடாமல் ஏற்றியும் வருகிறார். போன வாரம் போயிருந்தபோது திறந்து காட்டினார். தொட்டவுடன் படங்கள் பளிச்சென்று வந்து நின்றன. அந்த வீட்டின் நான்கு சுவருக்குள் மட்டும் அந்தப் பக்கம் அவ்வளவு அருமையாகத் திறக்கிறது. அங்கே இருப்பவர்கள் யாருக்கும் அதைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.