ஒரே வில்லையில் ஏழு கட்டம்

கைப்பேசி எல்லார் சட்டைப்பையிலும் புகுந்துவிட்ட ஈராயிரங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காக்கநாட்டில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் என் மனைவியின் தமக்கை மகன் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தான். கைப்பேசியில் ஆடும் ஆட்டம் ஒன்றுக்கான நான்கு ஆங்கில வரிகள் அதில் இருந்தன. அவற்றை நான் நல்ல தமிழில் ஆக்கித்தர வேண்டுமாம். முதல் வரி, ஆடுகிறவர் தோற்றவுடன் திரையில் தோன்ற வேண்டியது: வெற்றிக்கு நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள். மீண்டும் ஆட ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அனுப்பும்தோறும் கைப்பேசியில் இட்டுவைத்த தொகையில் சிறிது கழியும்.

உண்மையிலேயே அருகில் இருந்தால்தான் அவ்வரி தோன்றுமா என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

"அதெல்லாம் இல்ல சித்தப்பா. யாரு தோத்தாலும் வரும். முதல் மூணு ஆட்டம் நாங்களே ஜெயிக்க விடுவோம். நாலாவதுலேந்து டைட் பண்ணுவோம்."

தாளை மடித்து மேசைமேல் வைத்தேன். இதே வேலையை நான் முன்பும் ஒருமுறை செய்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மலையாள நாட்டுத் துறைமுகப் பகுதியான மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டின் தெருப்பக்க அறையைக் கலூர்க்காரர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டேன். அவர் அங்கே நான்கு விளையாட்டு எந்திரங்களை இறக்கினார். காசு கொடுத்து நாணயம் போன்ற பித்தளை வில்லை ஒன்றை வாங்கி எந்திரத்தின் வாயில் இட்டால் திரை உயிர்பெறும். பண்டகசாலைகளிலிருந்து வரும் சுக்கு மணத்துக்கு நடுவே காலை முதல் மாலை வரை குண்டு வெடிக்கும் ஓசை கேட்கும். அவற்றுள் ஒன்று விண்கலச் சண்டை. ஏழு கட்டங்கள் கொண்டது. ஒரே வில்லையில் ஏழையும் கடப்பவருக்குப் பரிசு என்று, புதிய மிதிவண்டி ஒன்றைக் கலூர்க்காரர் உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்.

அதற்கு ஓர் அறிவிப்புப் பலகை வேண்டுமென்று, ஆசிரியன் என்பதால் ஊரார் 'மாஷ்' என்றழைக்கும் என்னிடம் வந்தார். அதைத் தமிழில் எழுதித்தரக் கேட்டார். தெருவில் காசு கையில் புரள்கிறவர்கள் நகராட்சிப் பணிக்கு வந்து தங்கிவிட்ட நம் தமிழ் ஆட்கள்தாம் என்பதை அவர் அறிந்திருந்தார். மலையாளம் கோலோச்சும் ஊரில் ஒரு வணிகர் தமிழ் கேட்டு வந்தாரே என்று எனக்குப் பெருமிதம். கூலி வாங்காமல் எழுதினேன்: "கைத்திறம் உடையோர் ஒரே வில்லையில் ஏழு கட்டமும் கடக்கலாம். கடந்தோர்க்கு இம்மிதிவண்டி உரியது."

எங்கள் தெருவில் நல்ல தமிழில் எழுத்தாக வெளிப்படுபவை இரண்டே. ஒன்று அம்மன் கோயில் திருவிழா அறிவிப்பு. மற்றது இறப்புச் செய்தி. இரண்டையும் எழுதுபவன் நான். அவற்றில் பொய் இருந்ததில்லை. ஆகவே தமிழில் எழுதியிருந்தால் அது உண்மை என்பது தெருவின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் கலூர்க்காரர் என்னிடமிருந்து விலையின்றிப் பெற்றுக்கொண்டார்.

நான்கு வீடு தள்ளி நகராட்சித் துப்புரவுப் பணியாளர் ஒருவர் குடியிருந்தார். முப்பது வயதிருக்கும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவ்வாண்டு அவரைத் தேவராவுக்கு மாற்றியிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு அங்கே மஸ்டர், அதாவது வருகைப் பதிவு. முதல் பேருந்து போய்ச் சேர்வதற்குள் அது முடிந்துவிடும். வெலிங்டன் தீவு வழியாக நடந்தே போவார். தாமதமான நாளெல்லாம் வராத நாள். அத்தகைய நாள்கள் மிகுந்தால் நிரந்தரப் பட்டியலில் பெயர் ஏறாது. அவருக்கு வேண்டியது அந்த மிதிவண்டி.

வேலை முடிந்து பதினொரு மணிக்கு வருவார். நாளுக்கு ஒரு வில்லை. சில நாள் இரண்டு. மூன்று மாதப் பழக்கத்தில் அவர் விரல்கள் பெற்ற நுட்பத்தை நானே சன்னலோரம் நின்று வியந்திருக்கிறேன். ஒரு வியாழக்கிழமை ஆறு கட்டங்களைக் கடந்து ஏழாவதில் நுழைந்தார். தெரு அறைக்குள் திரண்டது. கடைசி நொடிகளில் கலம் வெடித்தது. அவர் வருந்தவில்லை. நாளைக்கு வண்டியைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வாடகை வாங்க நான் உள்ளே போனபோது கலூர்க்காரர் அந்த எந்திரத்தின் முதுகைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே நகத்தளவு வெண்ணிற விசைகள் ஒரு வரிசையாக இருந்தன. அவற்றில் இரண்டைத் தீக்குச்சியால் தள்ளினார். என்ன செய்கிறீர் என்றேன். அவர் ஒளிக்கவில்லை. எதிரிக் கலங்களின் விரைவைக் கூட்டுகிறேன் என்றார்.

"கள்ளம் ஒண்ணும் இல்ல மாஷே. கம்பெனிக்காரனே வச்சுத் தர்ற ஸ்விட்ச். ஒரு ஆள் ஒரு வில்லையிலே அர மணிக்கூர் நின்னா நான் கட பூட்டணும். ஓணம் கழிஞ்சு மாஷ் வாடக கூட்டினீங்கல்ல, அது பின்ன எங்கேந்து வரும்?"

அந்த வணிகத்தின் சாரம் முழுவதும் அந்தப் பேச்சில் இருந்தது. திறமையை விற்பதாகச் சொல்லித் தோல்வியை விற்கிறார்கள். திறமை வளர வளரத் தோல்வியையும் உடன் வளர்க்கிறார்கள். அன்றே நான் பலகையைக் கழற்றி எறிந்திருக்க வேண்டும். நான் வாடகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. அந்த மூன்று வாரத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அம்மூன்று வாரமும் அந்தப் பணியாளர் இரண்டாம் கட்டத்திலேயே வீழ்ந்தார். நாளுக்கு ஐந்து, ஆறு வில்லை. உடன் வேலை செய்கிறவர்கள் பின்னால் நின்று கேலி செய்தார்கள். தொடப்பம் புடிச்சுப் புடிச்சு விரலு மரத்துப்போச்சுடே என்றான் ஒருவன். ஒரு நண்பகல் என் வாசலில் வந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார்.

"மாஷே, கைக்கு என்னமோ ஆயிட்டு. வைத்தியர்கிட்ட காட்டணுமா?"

காசைப் பறித்ததையும் ஒருவாறு பொறுத்திருப்பேன். இதை எவ்வாறு பொறுப்பது? தன் உழைப்பால் தேர்ந்த கைகளை ஒருவர் தாமே ஐயுறும்படி செய்துவிட்டு, அந்த ஐயத்தின் மேல் கடை நடத்துகிறார்கள். திருடன்கூடப் பறிகொடுத்தவனிடம் குற்றம் உன் கையில் என்று சொல்வதில்லை.

விசைகளைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது கண்டேன் என்பதையும் மறைக்கவில்லை. அவர் கலூர்க்காரரைத் தேடி ஓடவில்லை. கைகளை மெல்ல மடக்கிக்கொண்டார்.

"அந்தப் பலகை மாஷ் எழுதினதுதானே?"

ஆம் என்றேன்.

"அதான் நம்பினேன். மலையாளத்துல எழுதியிருந்தா கடைக்காரன் எழுத்துன்னு விட்டிருப்பேன்."

அதன்பின் அவர் என் வாசல் ஏறவில்லை. மறுமாதம் கலூர்க்காரரை வெளியேற்றினேன். எந்திரங்களோடு மிதிவண்டியும் சிறு சரக்குந்தில் ஏறிப் போயிற்று. அவ்வாண்டு நிரந்தரப் பட்டியலில் அந்தப் பணியாளரின் பெயர் இல்லை. தாமதங்களே காரணம் என்று பிறர் சொல்லக் கேட்டேன். பின்பு குடும்பத்தோடு வீடு மாறிவிட்டார்.

இவற்றையெல்லாம் காக்கநாட்டுப் பிள்ளையிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். அது பழைய மெஷின் சித்தப்பா, இப்போது யாரும் தீக்குச்சியால் தள்ளுவதில்லை, ஆட்டமே ஆடுகிறவரைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்றான். அதை ஆறுதலாகச் சொன்னான் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதித்தருவார் என்றும் சொன்னான். எழுதட்டும் என்றேன்.

ஆயினும் தாளை வெறுமையாகத் திருப்பித்தர மனம் ஒப்பவில்லை. ஆங்கில வரிகளை அடித்துவிட்டு, தோற்றவருக்குத் திரையில் காட்டுவதற்கென ஒரே வரி எழுதினேன்: "நீங்கள் தோற்றது உங்கள் கையின் குற்றமன்று."

அவன் படித்துப் பார்த்தான். "இதப் போட்டா அப்புறம் யாரு சித்தப்பா எஸ்எம்எஸ் அனுப்புவா?" என்று கேட்டுவிட்டு, தாளை மேசைமேலேயே விட்டுப் போனான். அவ்வரி, துப்புரவுப் பணியாளர் என் வாசலில் கைகளை விரித்து நின்ற நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே அவரிடம் சென்றிருக்க வேண்டியது.